யாருடைய அளவுக்கு மேல்?

இலங்கைத் தமிழில் 'மேலதிகம்' என்ற சொல்லுக்கு ஓய்வே இல்லை. கச்சேரியில் மேலதிக மாவட்டச் செயலாளர் இருக்கிறார். ஹட்டனில் பிள்ளைகள் பள்ளிவிட்டு மேலதிக வகுப்புக்குப் போகிறார்கள். பாராளுமன்றத்தில் ஒரு பிரேரணை மேலதிக வாக்குகளால் நிறைவேறுகிறது. கம்பனியில் மேலதிக நேர வேலை. ஒரு பாடசாலையில் ஆளணிக்கு மேலதிகமாக ஆசிரியர்கள். இவற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் ஐந்து இடத்துக்கும் ஐந்து வேறு சொற்கள் வேண்டும். முதலாவது துணைக்கு ஒருவர், இரண்டாவது கூடுதலாக ஒன்று, மூன்றாவது இரு தொகைகளுக்கு இடையிலான வேறுபாடு, நான்காவது குறித்த நேரத்தைத் தாண்டியது. ஐந்தாவது மட்டுமே உண்மையில் மிகை.

ஒரே சொல்லில் பல பொருள் கலக்கும் இந்தக் குழப்பம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளிடம் தெளிவாகத் தெரியும். 'சர்ப்ளஸ்', 'எக்ஸஸ்', 'சூப்பர்ஃப்ளுவஸ்', 'ரிடண்டன்ட்', 'ரெசிடியூ' என்று ஐந்து சொற்களை அகராதியில் தேடினால் மிகை, உபரி, மேலதிகம், மிச்சம் என்ற நான்கைந்து சொற்களே மாறி மாறி வரும். பிள்ளை எல்லாம் ஒன்றுதான் என்று மனப்பாடம் செய்துகொள்ளும். தேர்வுக்கு அது போதும். மலையகத்தின் வரலாற்றைப் படிக்கப் போதாது. இந்த ஐந்து சொற்களும் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ தேயிலை மலைகளில் வெறும் பாடச் சொற்களாக இருந்ததில்லை. சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் தோட்டப் பெயரேடான செக்ரோலிலும் அவை எழுதப்பட்டன. கொழுந்தைப் பற்றி, நிலத்தைப் பற்றி, கடைசியில் ஆட்களைப் பற்றியும் எழுதப்பட்டன.

எதையும் மிகை என்று சொல்வதற்கு முன் ஓர் அளவு இருந்தாக வேண்டும். ஆங்கிலத்தின் மிகைச் சொற்களைப் பிரித்துக் காட்டுவது அந்த அளவுதான். ஒரு சொல்லுக்குத் தேவை அளவு. இன்னொன்றுக்கு எல்லை. மற்றவற்றுக்குப் பயன், பணியிடம், மொத்தத் தொகை. இதைப் பிடித்துக்கொண்டால் அகராதி தராத வேறுபாடு தானாகத் தெரியும். கூடவே இன்னொரு கேள்வியும் எழும்: அந்த அளவை வைத்தவர் யார்? மலையகத் தமிழர் வாழ்க்கையில் இந்தக் கேள்வியைவிடக் கனமான சொற்பொருள் கேள்வி வேறில்லை என்பதே என் எண்ணம்.

முதலில் சொற்கள். 'சர்ப்ளஸ்' பிரெஞ்சு வழியாக வந்தது. 'மேலே', 'இன்னும்' என்ற இரண்டு இலத்தீன் துண்டுகள் சேர்ந்தது. தேவை நிறைவேறிய பின் கையில் நிற்பது அது. வரவு செலவில் சர்ப்ளஸ் என்றால் நல்ல செய்தி. விளைச்சலில் சர்ப்ளஸ் என்றால் விற்கலாம், சேமிக்கலாம், கொடுக்கலாம். சொல்லில் குற்றம் எதுவும் இல்லை. மார்க்ஸின் நூல்கள் தமிழுக்கு வந்தபோது 'உபரி மதிப்பு' என்று பெயர்த்தார்கள்; அந்த 'உபரி' சர்ப்ளஸுக்குச் சரியாகவே பொருந்துகிறது.

'எக்ஸஸ்' வேறு குணம். அதன் வேரில் 'தாண்டி வெளியே போதல்' இருக்கிறது. அங்கே ஒரு கோடு இருக்க வேண்டும். வேகத்துக்கு வரம்பு, பயணப் பொதிக்கு எடை, மருந்துக்கு வேளையளவு. கோட்டைத் தாண்டியது எக்ஸஸ். ஆகவே இந்தச் சொல் வரும் இடத்தில் குற்றத்தின் வாடையும் கூடவே வரும். கடைக்காரர் தன் களஞ்சியத்தில் இருப்பதைச் சர்ப்ளஸ் என்று சொல்லி விலை குறைத்து விற்கலாம். கணக்காய்வாளர் அதே சரக்கை எக்ஸஸ் என்று எழுதினால் யாரோ விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

'சூப்பர்ஃப்ளுவஸ்', 'ரிடண்டன்ட்' இரண்டும் தண்ணீரிலிருந்து பிறந்தவை. முன்னதில் மேலே வழிந்தோடுதல். பின்னதில் அலை மீண்டும் மீண்டும் பொங்கி வருதல். இலங்கைத் தமிழருக்கு இந்த உருவம் புதிதல்ல. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் 'வான் பாய்கிறது' என்கிறோம். ஆனால் இந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் நெடுந்தூரம் வந்துவிட்டன. சூப்பர்ஃப்ளுவஸ் என்பது இருந்தும் பயன் சேர்க்காதது. எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது. ரிடண்டன்ட் என்பது அதன் வேலையை ஏற்கெனவே வேறொன்று செய்துகொண்டிருப்பது. பொறியியலில் இது புகழ்ச்சி: ஒரு தடுப்பு பழுதானால் இன்னொன்று காக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டாவதை வைக்கிறார்கள். பிரித்தானிய வழக்கில் ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொன்னால் அவருக்கு வேலை போய்விட்டது என்று பொருள். அவர் திறமையற்றவர் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. அவருடைய இடம் இல்லாமல் போயிற்று என்று மட்டுமே சொல்கிறது. சொல் இடத்தைச் சுட்டுகிறது. அடி ஆளின் மேல் விழுகிறது.

'ரெசிடியூ' கணக்கில் பிறந்த சொல் போலவே ஒலிக்கும். பின்னே தங்கியது என்பது வேர்ப்பொருள். பங்கிட்டு முடிந்தபின் எந்தப் பங்கிலும் சேராமல் நிற்பது. தேவை, எல்லை, பயன் எதுவும் அதற்குத் தெரியாது. மொத்தம் தெரியும், கழித்தல் தெரியும். சந்தையில் சரக்குத் தேங்குவதைச் சொல்லும் 'கிளட்', தெவிட்டும் அளவைச் சொல்லும் 'சர்ஃபிட்' போன்றவை இந்தக் குடும்பத்தின் ஓரத்தில் நிற்பவை. முன்னதற்குச் சற்றுப் பின்னால் வேலை இருக்கிறது.

இந்த வேறுபாடுகளைத் தாங்கத் தமிழுக்கு வலு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் இலக்கணம் இவற்றை முன்பே பிரித்து வைத்திருக்கிறது. நன்னூல் பேசும் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' ஒன்று, 'கூறியது கூறல்' இன்னொன்று. வேண்டாததைச் சேர்ப்பது வேறு, சொன்னதையே மறுபடி சொல்வது வேறு என்று அங்கே தெளிவாக இருக்கிறது; சூப்பர்ஃப்ளுவஸுக்கும் ரிடண்டன்ட்டுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு அதுவே. 'நடுமையம்' போன்று ஒரே பொருளை இரு சொல்லால் சொல்வதை 'ஒருபொருட் பன்மொழி' என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டதும் இதே மரபு. திரும்ப வருவதெல்லாம் குற்றமல்ல என்பதும் நமக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் போனஸை 'மிகை ஊதியம்' என்றார்கள். அங்கே மிகைக்கு மகிழ்ச்சி. கடைத்தெருவில் 'மிச்சக் காசு' வாங்காமல் யாரும் நகர்வதில்லை. தேநீரில் சீனி 'கூட' என்றால் எல்லை தாண்டிவிட்டது. ஆக, சொற்கள் உண்டு. அலுவலகத் தமிழ்தான் அவற்றை எடுக்காமல் எல்லாவற்றையும் 'மேலதிகம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

இனி மலைக்கு வருவோம்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்டார். கோப்பியை இலைநோய் அழித்தபின் மலை முழுவதும் தேயிலையாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டி வந்தார்கள். அந்த நாட்களில் ஆள் மிகை என்ற பேச்சே இல்லை. தோட்டங்களுக்கு எத்தனை பேர் வந்தாலும் போதவில்லை. ஆளைப் பிடித்து வைக்கத் 'துண்டு' முறை இருந்தது. தொழிலாளியின் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. கடனால் கட்டிப் போட வேண்டிய அளவுக்கு ஆள் தேவைப்பட்ட தொழிலில், பத்தே ஆண்டுக்குள் ஆட்கள் மிகையானார்கள்.

என்ன நடந்தது? 1929க்குப் பிந்திய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தேயிலை விலை விழுந்தது. இலண்டன் சந்தையில் தேயிலைத் தேக்கம். இதுதான் 'கிளட்'. 1933இல் இந்தியாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கை செய்து ஏற்றுமதிக்கு உச்ச அளவு வைத்தன. முதல் ஆண்டில் ஒவ்வொரு நாடும் தன் அடிப்படை அளவில் 85 சதவீதம்தான் அனுப்பலாம். அது வரை சந்தையில் 'தேங்கிய' தேயிலை, அன்றிலிருந்து கோட்டுக்கு அப்பால் நிற்கும் 'எக்ஸஸ்' ஆயிற்று. தோட்டங்கள் பறிப்பைக் குறைத்தன. இளங்கொழுந்து மட்டும் போதும் என்றன. பறிப்பு குறைந்தால் கை குறைய வேண்டும். இந்த வீழ்ச்சி ஆண்டுகளில் குறைந்தபட்சக் கூலி வெட்டப்பட்டது, ஆட்சேர்ப்பு நின்றது, ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தேயிலையின் மிகை மூன்றே படிகளில் மனிதரின் மிகையாக மாறியது. ஒவ்வொரு படியிலும் சொல்லுக்குப் பின்னிருந்த அளவு வேறு: முதலில் இலண்டனில் குடிப்பவரின் தாகம், அடுத்து மூன்று அரசுகளின் கோடு, கடைசியில் தோட்டத்துரையின் செக்ரோல்.

அந்தத் தாகத்தையும் மாற்ற முடியும் என்று தேயிலை வணிகர்கள் கண்டுகொண்டார்கள். 1935இல் சர்வதேசத் தேயிலைச் சந்தை விரிவாக்கச் சபை உருவாயிற்று. இந்தியாவில் ஊர் ஊராகத் தேநீர் போட்டுக் காட்டிக் குடிக்கப் பழக்கினார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் தேநீர் நுழைந்ததில் இந்தப் பரப்புரைக்குப் பெரும் பங்குண்டு. தேவை வளர்ந்தால் சர்ப்ளஸ் கரைந்துவிடும். சரக்கு ஒரு கிலோவும் குறைய வேண்டியதில்லை. சரக்குக்கு இந்த வழியைத் தேடிய அந்தக் காலம், அதே சரக்கைப் பறித்தவர்களுக்கு இதைத் தேடவில்லை.

1930களின் பிற்பாதியில் அரசியல் களத்திலும் மிகைப் பேச்சு வலுத்தது. இந்தியர் வரவால் இலங்கையர் நலிகிறார்களா என்று ஆராய்ந்த சர் எட்வர்ட் ஜாக்சன், 1938இல் தந்த அறிக்கையில் அப்படிப்பட்ட கேடு எதையும் காணவில்லை. ஆயினும் 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை விலக்கும் நடவடிக்கை வந்தது. அதற்குப் பதிலடியாக இந்தியா அதே ஆண்டு ஆகஸ்டில் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. தடை வந்ததும் தோட்டத்துரைமாருக்கு ஆள் போதாது என்ற அச்சம் பிடித்தது. ஒரே காலம், அதே மக்கள். துரைமாரின் அளவில் அவர்கள் பற்றாக்குறை. சட்டசபையின் அளவில் மிகை. ஆட்களின் எண்ணிக்கையில் எதுவும் மாறவில்லை. அளக்கும் கோல்கள் இரண்டாயின.

சுதந்திரத்துக்குப் பின் ஒரே கோல்தான் நின்றது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்று பாராளுமன்றம் போனார்கள். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் சட்டங்களும் அவர்களுக்கு வாக்களித்த மக்களை நாடற்றவராக்கின. 'நாடற்றவர்' என்பது இல்லாமையைச் சொல்லும் சொல். அதிலிருந்து 1964இல் ஒரு கணக்குப் பிறந்தது. அந்தக் கணக்குக்கு வந்தபோதுதான் அவர்கள் மிச்சம் ஆனார்கள்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000. இலங்கைக்கு 300,000. இரண்டையும் கூட்டிக் கழித்தால் 150,000. இவர்களைப் பற்றிப் பின்னர் தனி உடன்பாடு. இந்த ஒன்றரை இலட்சத்தை ஆங்கிலத்தில் குறிக்க வந்த சொல்தான் ரெசிடியூ. இவர்கள் யார் என்று எந்தத் தோட்டத்திலும் கைநீட்டிக் காட்ட முடியாது. எந்த லயத்தின் வரிசை வீட்டிலும் 'நான் அந்த ஒன்றரை இலட்சத்தில் ஒருவர்' என்று சொல்லக்கூடிய ஒரு மனிதர் இல்லை. கழித்தலில் பிறந்த மக்கள் அவர்கள். அப்படி ஒரு கழித்தலைப் போட்ட மேசையில் மலையக மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு மிகையும் இருந்தது. இரு தொகைகளோடும் அவற்றின் 'இயற்கை அதிகரிப்பு' சேரும் என்று எழுதினார்கள். இயற்கை அதிகரிப்பு என்றால் பிறக்கப்போகும் குழந்தைகள். 525,000 பேரில் ஒருவராக எழுதப்பட்ட தாய்க்குப் பிறக்கும் பிள்ளை, அவள் பெயரோடு இந்தியாவின் பக்கத்தில் கூட்டப்படும். தமிழில் 'எச்சம்' என்ற சொல்லுக்கு மிச்சம் என்றும் பொருள், வழித்தோன்றல் என்றும் பொருள். ஒப்பந்தம் இந்த இரண்டையும் இருவேறு பத்திகளில் வைத்தது. தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

மக்கள் கேட்டது என்ன என்பதற்கு விண்ணப்பங்கள் சான்று. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள், அதற்கு ஒதுக்கிய 300,000ஐப் போல இரு மடங்குக்கும் மேல். இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் அதற்கு ஒதுக்கியதைவிடக் குறைவு. அரசுகளின் கணக்கில் இங்கே எக்ஸஸ், அங்கே பற்றாக்குறை. மக்களின் விருப்பத்தை அளவாக வைத்திருந்தால் மிகை என்று ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த ஒன்றரை இலட்சத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவின் பங்கு 600,000 ஆயிற்று. விண்ணப்பித்தவர்களோ 506,000. மறுபடி ஒரு கழித்தல், மறுபடி ஒரு மிச்சம்: 94,000. அவர்களுக்கு இலங்கை 1986இன் சட்டத்தால் குடியுரிமை தர ஏற்றது. எஞ்சிய கதையை 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் முடித்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் குடிமக்கள் என்றது அது. அந்தச் சட்டத்தில் மிச்சம் இல்லை, ஏனென்றால் அதில் தொகை இல்லை. யார் என்று சொன்னது, எத்தனை என்று சொல்லவில்லை. ஒரு மக்களை எண்ணிக்கையால் வரையறுத்தால் கடைசியில் ரெசிடியூ வந்தே தீரும் என்பதற்கும், வரையறுப்பை மாற்றினால் அது மறையும் என்பதற்கும் இந்த 39 ஆண்டுகள் போதுமான சான்று.

போனவர்கள் போனார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். இலங்கைக் குடித்தொகையில் இந்தியத் தமிழரின் பங்கு 1971இல் 9.3 சதவீதம், 1981இல் 5.5. தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டோரும் அந்தச் சரிவில் உண்டு. பெரும்பகுதி கடல் கடந்தது. அவர்களுள் பலருக்கு நீலகிரியில் வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. பின்னர் அவை டான்டீ கழகமாயின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள். 2022இல் டான்டீயின் நட்டத்தைக் காட்டி அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவதென முடிவாயிற்று. கழகத்தின் தேவைக்கு மேற்பட்ட நிலம் என்றால், அந்த நிலத்தில் ஓய்வுபெற்று வீட்டைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளி எதற்கு மேற்பட்டவர்? ஒரு நாட்டின் கழித்தலில் வந்தவர் இன்னொரு நாட்டின் கழித்தலில் நிற்கிறார்.

நிலம் என்றதும் 1972க்குப் போக வேண்டும். அந்த ஆண்டின் 1ஆம் இலக்க நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 50 ஏக்கர், நெற்காணியானால் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு மேற்பட்டது அரசுக்கு. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இங்கே 'எக்ஸஸ்' என்ற சொல் அதன் நேர்ப்பொருளிலேயே நிற்கிறது: கோடு தெரிகிறது, எண் தெரிகிறது, போட்டவர் தெரிகிறார். நிலம் பெருமுதலாளிகளிடம் குவிந்த நாட்டில் அப்படி ஒரு கோடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் கோட்டுக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்தபோது, அந்த நிலத்தில் தலைமுறைகளாக இருந்த ஆட்களைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கங்களில் கைமாறிய தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் துரத்தப்பட்டார்கள். 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சம் அதன்மேல் விழுந்தது. பங்கீட்டு உணவும் வேலை நாட்களும் குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தார்கள். 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அந்த 7,000 ஏக்கர் அரசின் பார்வையில் பகிரத்தக்க உபரி. தொழிலாளியின் பார்வையில் அது நாளைய வேலை. நிலம் பிரிந்தால் தேயிலை போகும், தேயிலை போனால் தாம் மிகையாவோம் என்று அவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு பிழையற்றது.

ஆட்குறைப்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1950இன் கைத்தொழில் பிணக்குச் சட்டம், ஒரு தொழிலை நடத்த நியாயமாகத் தேவைப்படும் எண்ணிக்கைக்கு மேற்பட்டோரை நீக்குவதையே ஆட்குறைப்பு என்கிறது. அதில் 'எக்ஸஸ்' என்ற சொல்லோடு 'நியாயமாக' என்ற சொல்லும் நிற்பது பெரிய காப்பு. தேவையைச் சொல்பவர் முதலாளி, ஆனால் அதை நியாயத்தின் முன் நிறுத்த வேண்டும். 1971இன் 45ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு படி போய், தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ தொழிலாளியின் சம்மதமோ இன்றி நீக்க முடியாது என்றது. இன்று தோட்டங்களில் நீக்கம் வேறு வழியில் நடக்கிறது. ஒருவரையும் 'ரிடண்டன்ட்' என்று எழுதுவதில்லை. ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமலே போகிறது, மலை காடாகிறது, பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். லயத்தில் குடியிருப்போரில் பெரும்பாலோர் இப்போது தோட்டத்து வேலையில் இல்லை. சொல் எழுதப்படாததால் சட்டத்துக்கும் வேலை வரவில்லை.

பாடசாலைகளின் 'மேலதிக ஆசிரியர்' கதையும் இதே வகை. ஒரு பாடசாலைக்கு ஆளணி இத்தனை என்று கல்வி அமைச்சு வைக்கிறது. அதற்கு மேற்பட்டவர் மேலதிகம். நகரத்துப் பாடசாலையில் அப்படி மேலதிகமாக நிற்பவரை மலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையின் கணித வகுப்பில் நிறுத்தினால், அவர்தான் அங்குள்ள ஒரே கணித ஆசிரியர். அவர் எக்ஸஸ்தான், ஆனால் சூப்பர்ஃப்ளுவஸ் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு சொற்களும் அவர்களுக்கு மறக்காது.

அன்றாடம் 'மேலதிகம்' என்ற சொல் உயிரோடு இருப்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான். நாளுக்குரிய கிலோவை எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி. குறைந்தால் அரைப் பேர். கூடினால் மேலதிக கிலோவுக்குத் தனிக் காசு. ஞாயிற்றுக்கிழமையும் வேலை நேரத்துக்குப் புறம்பாகவும் எடுக்கும் கொழுந்துக்கு எடைப்படி தருவது கைக்காசு. இரண்டையும் ஆங்கிலத்தில் 'எக்ஸ்ட்ரா' என்று சேர்த்துச் சொல்லிவிடலாம். கூடை சுமப்பவருக்கு வேறுபாடு நன்றாகத் தெரியும். கைக்காசுக்கு முதல் கிலோவிலிருந்து காசு. மேலதிக கிலோவோ நாளின் அளவைத் தாண்டியபின் பிறக்கிறது. அந்த அளவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில் அதன் உயிர் தொங்குகிறது. 18இல் வைத்தால் 22 கிலோ எடுத்தவருக்கு நான்கு கிலோவின் காசு. 20இல் வைத்தால் இரண்டு. கூடையின் கனம் மாறவில்லை. அதற்கும் முன், கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிக்கும் கிலோக்கள் உண்டு. கழிவு கூடினால் மேலதிகம் மீண்டும் சுருங்கும்.

1,000 ரூபாய் நாட்கூலிக்கான போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்து, 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. அதன் பின் பல தோட்டங்களில் நாளுக்குரிய கிலோவை உயர்த்தினார்கள் என்பது தொழிலாளரும் சங்கங்களும் ஓயாமல் எழுப்பிய முறைப்பாடு. கூலியின் எண்ணை வர்த்தமானி சொல்கிறது; கிலோவின் எண்ணைத் தோட்டம் சொல்கிறது. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் ஆனபோதும் இந்தப் பிரிவினை அப்படியே இருந்தது. ஒரு கையில் கூடியது மறு கையில் குறைகிறதா என்று பார்க்க வேண்டுமானால், தமிழ் ஆவணத்தில் 'மேலதிக கிலோவுக்கு' என்று எழுதியிருப்பது உதவாது. எதற்கு மேலதிகம் என்று அந்தச் சொல் சொல்லாது.

கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிற்சங்கம் கட்டிய 1931ஆம் ஆண்டு முதல், சட்டத்தின் மொழியைத் தொழிலாளியின் மொழியில் சொல்வது இங்கே ஒரு போராட்டப் பணியாகவே இருந்துவந்திருக்கிறது. அதைச் செய்பவர்களுக்கும், ஒப்பந்தங்களைத் தமிழாக்குபவர்களுக்கும், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சர்ப்ளஸ் வரும் இடத்தில் 'தேவை போக மீந்தது' என்றும், எக்ஸஸ் வரும் இடத்தில் 'வரம்புக்கு மேற்பட்டது' என்றும், ரிடண்டன்ட் தொழிலாளியைக் குறித்தால் 'பணியிடம் நீக்கப்பட்டவர்' என்றும், ரெசிடியூவுக்குப் 'பங்கீட்டில் எஞ்சியோர்' என்றும் எழுதலாம். நீளம்தான். ஆனால் தேவை, வரம்பு, பணியிடம், பங்கீடு என்ற நான்கு அளவுகளும் வாக்கியத்துக்குள் வந்து நிற்கும். படிப்பவர் அவற்றை வைத்தவர் யார் என்று கேட்க இடம் கிடைக்கும். சம்பள ஆவணத்தில் 'மேலதிக கிலோ' என்று நிறுத்தாமல், கழிவு எவ்வளவு என்பதையும் நாளுக்குரிய அளவு எத்தனை என்பதையும் இலக்கத்தில் எழுதி, அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு காசு என்று எழுத வேண்டும். அந்த இலக்கம் மாறினால் ஒப்பந்தமே மாறியதாகும் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்க்க வேண்டும்.